காலுக்கு ஒரு பாக்ஸ்

மைக் செட்டுத் தொழிலில் முதலில் தேய்வது காது, அடுத்தது இடுப்பு. கடைசிவரை தேயாமல் இருப்பது வாய் ஒன்றுதான் என்பதற்கு நானே சாட்சி.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு திருவிழாவில் உங்களில் ஒருவர் மடிக்கணினியோடு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஏதோ வரவு செலவு பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, மைக் செட்டுக்காரர் எங்கே தம்பி என்று அவரிடமே விசாரித்தேன். அவர்தான் மைக் செட்டுக்காரராம். ஆகவே ஒயரைப் பற்றியும் வாட்ஸைப் பற்றியும் நான் பாடம் எடுக்கப் போவதில்லை. எடுத்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கும்.

நான் சொல்ல வந்தது சில சாக்குகளைப் பற்றி, ஒரு காலைப் பற்றி. இந்தத் தொழிலில் நான் கற்றதில் உருப்படியானது எல்லாம் அந்தக் காலிலிருந்து வந்தது. அதற்கு நன்றி சொல்லாமல் போய்ச் சேர எனக்கு மனசில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. போடியில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கடையின் சொத்து ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு மைக், மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள் சில, அப்புறம் ஒரே ஒரு மரப் பாக்ஸ். குழாய் கத்தும், பாக்ஸ் பேசும். அதனால் குழாய் ஊருக்கு, பாக்ஸ் பெரிய மனிதருக்கு. விழாவுக்குத் தலைமை தாங்குகிறவரின் நாற்காலிக்கு எதிரே பாக்ஸை வைப்பது அந்தக் காலத்து மரியாதை. மாலை வருவதற்குத் தாமதமானால் மன்னிப்பார்கள். பாக்ஸ் வேறு பக்கம் திரும்பியிருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அண்ணாச்சிக்கு அந்தப் பாக்ஸ் குலதெய்வம் மாதிரி. கடையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் அதற்குச் சந்தனம், குங்குமம், சூடம் உண்டு. தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டேன். அண்ணாச்சி பல நாள் என்னோடு பேசவில்லை. கடையில் நான் நிம்மதியாக வேலை பார்த்தது அந்த நாட்களில்தான் என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. பகல் நிகழ்ச்சிக்கு எங்கள் மைக் செட்டையும் போடியிலிருந்து ஒரு நையாண்டி மேளத்தையும் பேசியிருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஜீப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து ஆட்களை ஏற்றி ஏற்றி, எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது என்று நம்பப் பழகிய வண்டி அது. ஆம்ப்ளிஃபயர் என் மடியில், நாயனக்காரர் பாதி என் தோளில். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவர் என்மேல் சாய்வார், நான் தவில்மேல் சாய்வேன், தவில் தன் பங்குக்கு ஒரு சத்தம் போடும்.

மேளத்துக்குத் தலைவர் தவில் குருசாமி அண்ணன். நல்ல மனுசர்தான். ஆனால் சிரிப்பு வந்தால்கூட அதை விசாரித்துவிட்டுத்தான் வெளியே விடுவார். ஜீப்பின் பின்பக்க ஓரத்தில் உறுமியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வளைவில் மற்றவர்கள் எல்லாரும் கூச்சல் போட, அவர் மட்டும் சும்மா இருந்தார். கடையில் அறிவிப்பு வேலையும் எனக்குத்தான். அதனால் அவர் பேரைக் கேட்டுவைத்துக்கொள்ளலாம் என்று குருசாமி அண்ணனிடம் விசாரித்தேன்.

"அவன் பேரு எதுக்குப்பா? கூப்புட்டாக் கேக்கவா போகுது?" என்றார் அவர்.

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த உறுமிக்காரரும் எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

அப்புறம்தான் எனக்கு விவரம் தெரிந்தது. சின்னப் பிள்ளையில் வந்த காய்ச்சல் அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்னால் பேசக் கற்றுக்கொண்டுவிட்டதால் பேச்சு மட்டும் போகவில்லை. ஆனால் அது கெட்டியான, மூக்கடைத்த பேச்சு. தெருவிலும் கோயில் வாசலிலும் அவரைப்போல உறுமி வாசிக்க ஆளில்லை என்று குருசாமி அண்ணனே சொன்னார். அதைச் சொன்ன தோரணை, அதுவே தனக்கு ஒரு தொல்லை என்பது மாதிரி இருந்தது. மேடை ஏறினால்தான் சிக்கலாம். ஒரு பள்ளிக்கூட மேடையில் பிசகே இல்லாமல் வாசித்தவர், ஒரு கல்யாண மண்டபத்தில் தவிலை விட்டுவிட்டுத் தனியாக எங்கேயோ போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒரு மேடையில் சரியாக வருவதும் இன்னொரு மேடையில் தப்பிப் போவதும் ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை.

"இன்னைக்கு ஒழுங்கா அடிச்சான்னாச் சரி" என்றார் குருசாமி அண்ணன். "இல்லையா, இங்கனயே ஸ்டோர்ல மூட தூக்க விட்டுட்டு எறங்கிருவேன். ஒத்த ஆளுக்காக எம்புட்டுப் பேருகிட்ட நான் பேச்சு வாங்குறது? வேற உறுமிக்குச் சொல்லிவிட்டாச்சு."

ஸ்டோர் என்பது தோட்டங்களில் ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். மூடை தூக்க அங்கே எப்போதும் ஆள் தேவை. அவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். நேற்றே கையைக் காட்டிச் சொல்லிவிட்டதாக அண்ணன் சொன்னார். அந்த ஆள் ஏன் உறுமியை அப்படிப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் பாக்ஸைத் தரையில் வைத்து, சோதனைக்கு ஒரு இசைத்தட்டைப் போட்டேன். மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கினால், உறுமிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாக்ஸ் தலைமேல் வலது காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். காலுக்கு அடியில் அண்ணாச்சி வைத்த குங்குமம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை எடு, சாமி மாதிரி வைத்திருக்கிறோம், மிதிக்கிறாயே என்று கத்தினேன். காது கேட்காதவரிடம் போய்க் கத்தினேன் என்பதைக் கவனியுங்கள். அவர் அசையவில்லை என்றதும் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். என் அறிவு அவ்வளவுதான். கடைசியில் காலைப் பிடித்துத் தள்ளியபோதுதான் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், பாக்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுங்கினார். நான் துண்டால் பாக்ஸைத் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைத்தேன்.

அடுத்து மேடை. காலித் தார் டிரம்களை நிறுத்தி, மேலே பலகை பரப்பி ஆணி அடிக்கத் தயாராக வைத்திருந்தார்கள். ஏறி நடந்து பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் கீழே டிரம் உறுமியது. அது மைக் ஸ்டாண்டு வழியாக ஏறி, குழாய் வழியாக மலை முழுக்கக் கேட்டது. இதை இப்படியே விட்டால் நான் என்ன மைக் செட்டுக்காரன்? ஸ்டோரிலிருந்து பழைய சாக்குகளை வாங்கிவந்து மடித்து, டிரம்முக்கும் பலகைக்கும் நடுவில் கொடுத்தேன். அதற்கு மேலே பலகையை ஆணி அடிக்கச் சொன்னேன். பலகைக்கு மேலே கயிற்றுப் பாய் விரித்தேன். அப்புறம் யானை நடந்தாலும் பூனை நடந்த மாதிரிதான். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மலையாளத்துக்காரர். அவரை மேலே ஏற்றிக் குதிக்கச் சொன்னேன். குதித்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். அவர் பாஷையில் அது பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சியே இங்கே வந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் வந்து நாற்காலியில் அமர்ந்தார்கள். எதிரே பாக்ஸ். தோட்டத்து ஆட்கள் சரிவு முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். மேளம் மேடை ஏறியது. தெருவில் மேளக்காரர்கள் வட்டம் கட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். இங்கே ரைட்டர் அவர்களை முதலாளியைப் பார்த்த மாதிரி ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். தவில் ஒரு கோடியில், உறுமி மறு கோடியில்.

உறுமிக்காரர் பாயில் கால் வைத்தவுடன் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். குதிகாலால் ஓங்கி மிதித்தார். திரும்பவும் மிதித்தார். பிறகு என்னைப் பார்த்து, அந்தக் கெட்டிக் குரலில் சொன்னார்:

"பலக செத்துப்போச்சு."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் தலையில் குட்டிக்கொள்கிறேன்.

மேளம் தொடங்கியது. நிதானமாகப் போனவரைக்கும் அவர் கழுத்தைத் திருப்பி, நடுவில் நின்றவர்களுக்கு மேலாகக் குருசாமி அண்ணனின் கையைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்தார். வேகம் கூடியதும் நாயனக்காரர் ஆடத் தொடங்கி நடுவில் மறைத்தார். உறுமி விட்டுப்போனது. தவில் முன்னே போக, உறுமி பின்னே வந்தது. அதைப் பிடிக்க ஓடி, தவிலைத் தாண்டிப் போனது. சரிவில் சிரிப்பு கிளம்பியது. "உறுமி தனியா ஜீப்பு ஏறி மெட்டுக்கு எறங்கிருச்சுடோய்" என்று எவனோ கத்தினான். ரைட்டர் மேடையோரம் வந்து, "மதி, மதி" என்று, போதும் என்பதாகக் கையை ஆட்டினார்.

குருசாமி அண்ணன் தவிலை நிறுத்தினார். உறுமிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். இறங்கு என்று அர்த்தம்.

அவர் இறங்கவில்லை. எதிர்த்தும் நிற்கவில்லை. தலை குனிந்து நின்றார். நான் மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்ததால், என் கண்ணுக்கு நேராக இருந்தது அவருடைய பாதம். கால் விரல்கள் பாயின் ஓரத்தைக் கிளப்பி, அதற்கு அடியில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தன. இருட்டில் சுவிட்சைத் தடவுகிற கை மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூட மேடை பலகை, கல்யாண மண்டபம் சிமெண்டு. காலையில் பாக்ஸ்மேல் கால் வைத்தவர் மிதிக்கவில்லை, காலால் கேட்டுக்கொண்டிருந்தார். பலகை செத்துவிட்டது என்று அந்த மனிதர் தெளிவாகத்தான் சொன்னார். அதைக் கொன்ற நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

சாக்குகளை உருவ முடியாது, பலகைக்கு ஆணி அடித்தாகிவிட்டது. பாயை மட்டும் சுருட்டி லாபமில்லை. குருசாமி அண்ணன் தவிலைக் கழற்றக் கையைக் கொண்டுபோய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்த மனிதர் மேளத்தை விட்டு இறங்கி ஸ்டோருக்குப் போய்விடுவார். நான் நன்றாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். நன்றாக யோசித்திருந்தால் இன்றுவரைக்கும் அங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன். மைக்கை எடுத்து, சிறிய தொழில்நுட்பக் கோளாறு, பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும் என்று அறிவித்தேன். அந்தக் கோளாறு நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நேராகப் போய்த் தோட்டத்துக்காரர் முன்னால் இருந்த பாக்ஸைத் தூக்கினேன். எங்கே கொண்டுபோகிறாய் என்று அவர் மனைவி கேட்டார். இந்தா கொண்டாந்துருவேன் அம்மா என்று சொல்லிக்கொண்டே மேடை ஏறினேன். உறுமிக்காரர் காலடியில் பாக்ஸை வைத்தேன். அது ஊளையிடாமல் இருக்க அதன் வாயில் ஒரு சாக்கை அடைத்தேன். காலையிலிருந்து அந்தச் சாக்குகள் செய்த ஒரே நல்ல காரியம் அது. நாயனத்துக்கு முன்னால் இருந்த மைக்கை எடுத்துத் தவிலுக்கு வைத்தேன். நாயனக்காரர் சண்டைக்கு வந்தார். உங்கள் நாயனம் மைக் இல்லாமலே கீழே சிலமலை ஊர் வரைக்கும் கேட்கும் அண்ணே என்றதும் கொஞ்சம் குளிர்ந்தார்.

"என்னடா பண்ற நீ?" என்றார் குருசாமி அண்ணன்.

"ஒருக்க அடிங்கண்ணே. ஒரே ஒருக்க. பெறகு ஸ்டோரோ எதுவோ, ஒங்க இஷ்டம்."

உறுமிக்காரரிடம் பாக்ஸைக் காட்டி, காலை வை என்று சைகை செய்தேன். அவர் பின்வாங்கினார். குங்குமத்தைக் காட்டினார். என்னைக் காட்டினார். மாட்டேன் என்று தலையாட்டினார். காலையில் நான் கத்திய கத்தல் அவர் காதில் விழவில்லை என்றாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கிறது. வேறு வழியில்லை. அவ்வளவு கூட்டமும் பார்க்க நான் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் வலது பாதத்தை இரண்டு கையாலும் எடுத்து, அண்ணாச்சியின் பாக்ஸ்மேல், குங்குமத்தின்மேல் வைத்தேன்.   

குருசாமி அண்ணன் தவிலில் ஒரு தட்டுத் தட்டினார்.

உறுமிக்காரரின் புருவம் மேலே போனது. அண்ணன் இன்னொரு தட்டுத் தட்டினார். அவர் குச்சியை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குச் சங்கீதம் தெரியாது. அவர் தவிலைப் பார்க்கவேயில்லை என்பது மட்டும் தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். வேகம் கூடக்கூட அவர் முகம் நிதானமானது. குருசாமி அண்ணன் சும்மா விடுகிற ஆள் இல்லை. உச்சத்தில் போய்க்கொண்டிருந்தபோது, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் வேண்டுமென்றே பட்டென்று தவிலை நிறுத்தினார். பம்பைக்காரர் ஏமாந்துபோய் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார். உறுமி தவில் நின்ற அதே இடத்தில் நின்றது.

 சரிவின் பின்வரிசையில் பெண்கள் குலவை போட்டார்கள். தனியாக ஜீப்பு ஏறியது என்று கத்தியவனே எழுந்து ஆடினான். குருசாமி அண்ணன் ஒரு சிரிப்பை விசாரிக்காமலே வெளியே விட்டார். தோட்டத்துக்காரர் பாக்ஸ் எங்கே என்று கேட்டிருக்கிறார். இது மதுரையில் புதிதாக வந்திருக்கும் முறை என்று ரைட்டர் சொல்லிச் சமாளித்தாராம். அவர் நன்றாக இருக்கட்டும்.

மேளம் முடிந்ததும் மேடை ஏறி, உறுமிக்காரர் எதிரே நின்று, பேர் என்ன என்று வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டேன். சிலமலை வீரணன் என்றார். நான் மைக்கை எடுத்தேன்.

"உறுமி வாசித்தவர், சிலமலை வீரணன்."

அவருடைய கால் இன்னும் பாக்ஸ்மேல்தான் இருந்தது. சட்டென்று குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கீழ இருந்து யாரோ என்னயக் கூப்புட்டாக" என்றார்.

நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

"இன்னொருக்கக் கூப்புடு."

கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருக்க என்று விரலைக் காட்டினார். மறுபடி கூப்பிட்டேன். வேறு எதுவும் சேர்க்காமல் ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் மட்டும், ரைட்டர் வந்து மதி என்று சொல்கிறவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். குழாய் வழியாக அது எத்தனை தோட்டத்துக்குக் கேட்டதோ தெரியாது. அறிவிப்பாளனாக எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு அடைமொழி போட்டுக் குரல் கிழியக் கத்தியிருக்கிறேன். கூப்பிட்ட குரலுக்கு உண்மையாகவே ஒருவர் செவிகொடுத்தது அன்றைக்குத்தான்.

இறங்கும்போது போடிமெட்டில் டீ குடிக்க ஜீப்பை நிறுத்தினார்கள். குருசாமி அண்ணன் முதல் கிளாஸை வீரணன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரிகிற மாதிரி, "குடி, வீரணா" என்றார். என்னிடம் வந்து, வேறு உறுமிக்குச் சொல்லிவிட்டதை நிறுத்த வேண்டும் என்றும், இனி மேடை என்றால் காலுக்கு ஒரு பாக்ஸ் சேர்த்து வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது தொண்டையோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும்.

நான் வீரணன் பக்கத்தில் உட்கார்ந்து, உறுமியைக் காட்டி, இது ஏன் உனக்கு என்று சைகையில் கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்பதில் எனக்கு எப்போதும் கூச்சம் கிடையாது. அவர் டீயை ஊதி ஒரு மடக்குக் குடித்தார்.

"வீட்டுல எல்லாரும் பேசிச் சிரிப்பாக. நானுஞ் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாது" என்றார். "மேளத்துக்குள்ள நின்டாத் தெரியும். அவுக போறப்பப் போவேன், நிக்கிறப்ப நிப்பேன். அங்கதேன் நானும் பேசிக்கிட்டு இருக்கேன்."

ஜீப்பில் நாங்கள் சிரித்ததும் அவர் பிந்திச் சிரித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. டீ இனிக்கவில்லை. இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன், அதுவும் இனிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு நான் போய்ச் சொல்வதற்கு முன்னாலேயே ஜீப் டிரைவர் சொல்லிவிட்டார். பாக்ஸ்மேல் மிதிக்க விட்டானாம் என்று. மறுநாள் காலையில் கடைக்குள் நுழையும்போது அண்ணாச்சி பாக்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் பேசாமல் இருக்கப்போவது வாரக்கணக்கா மாதக்கணக்கா என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடந்ததை முழுக்கக் கேட்டார். வீரணன் பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதையும் கேட்டார்.

"சாமிக்கு முன்னால அடிக்கிறவன் காலுதான" என்றார் கடைசியில். "வைக்கட்டும்."

அந்த வருட ஆயுத பூஜையில் பாக்ஸின் நான்கு பக்கத்திலும் பொட்டு வைத்தார். மேல்பக்கத்தில் மட்டும் வைக்கவில்லை. கால் வைக்கிற இடத்தைச் சுத்தமாக விட்டிருந்தார். இன்னொரு பாக்ஸும் வாங்கினார். அதற்குப் பிறகு யாராவது குருசாமி அண்ணன் மேளத்துக்கு மைக் செட்டுப் பேச வந்தால், பெரிய மனிதருக்கு ஒரு பாக்ஸ், காலுக்கு ஒரு பாக்ஸ் என்று அவரே எடுத்துச் சொல்வார். வந்தவர்கள் முழிப்பார்கள். அண்ணாச்சி, தெரியாதவனுக்குச் சொன்னால் விளங்காது என்கிற முகத்தோடு இருப்பார். அவருக்கே விளங்கி நாலு நாள்தான் ஆகியிருக்கும்.

இப்போது மேடையில் கலைஞர்களுக்கு முன்னால் நீங்கள் வைக்கிற ஸ்பீக்கருக்கு நாகரிகமான ஒரு பேர் இருக்கிறது. அதை ஏதோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தது வீரணன் கால்.

அந்தக் காலால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. மேடை ஏறினால் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பேன். அடுத்து, வாசிக்கிறவரிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன். கேட்காமல் நானாக நல்லது செய்வதை நிறுத்திவிட்டேன். நான் செய்கிற நல்லது எப்படிப்பட்டது என்பதைத்தான் அந்த மேடையில் பார்த்துவிட்டேனே.

இந்தப் பழக்கம் இன்னொரு முறையும் கைகொடுத்தது. எண்பதுகளில் பொட்டிபுரத்திலிருந்து ஒரு பெண் பாட வந்தார். போலியோவில் இரண்டு காலும் சூம்பிப் போனவர். அவருடைய அண்ணன் தூக்கிவந்து மேடை நாற்காலியில் உட்கார வைத்தார். விழாக்குழுவினர் கால் தெரியாமல் இருக்க அவருக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு, தரைவரைக்கும் துணி தொங்கவிட்டு, பூச்சாடியும் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். என் சாக்கும் நல்ல எண்ணம்தான். நான் மைக்கை வைக்கப் போனபோது, வேறு ஏதாவது வேண்டுமா ஆத்தா என்று கேட்டேன்.

"இந்த மேசைய எடுத்துருங்கண்ணே" என்றார். "மூச்சு அதுல முட்டித் திரும்பி வருது. எங்காலு ஒண்ணும் வெக்கப்படல. வெக்கப்படுறவுக வேணும்னா அந்தப் பக்கம் திரும்பி உக்காரட்டும்."

மேசையை எடுத்தேன். குழுத்தலைவர் என்னை முறைத்தார். அந்தப் பெண் பாடத் தொடங்கியதும் முறைத்ததை மறந்துவிட்டார். யாரும் திரும்பி உட்காரவில்லை.

வீரணன் குருசாமி அண்ணன் மேளத்திலேயே இருந்தார். அண்ணனுக்குக் கை தளர்ந்த பிறகு மேளத்தை எடுத்து நடத்தியதும் அவர்தான். தன்னிடம் வந்த புதியவர்களை மேடை ஏற்றுவதற்கு முன்னால் பலகையில் வெறுங்காலோடு நிற்க வைப்பாராம். காது கேட்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களிடம், காது கேட்கிறதால்தான் இவர்களுக்குப் பாதிதான் தெரிகிறது என்பாராம். எங்கே பார்த்தாலும் என் காலைச் சுட்டிக்காட்டி, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சிரிப்பார். பிந்தாமல் சிரிப்பார்.

எனக்கு இப்போது வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காது, மனசிருந்தால் கேட்கும். அத்தனை வருடம் குழாய்க்குப் பக்கத்தில் நின்றதற்கு அது என்னிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டது. வீட்டில் எல்லாரும் பேசிச் சிரிக்கும்போது, அவர்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு நானும் சிரிக்கிறேன். கொஞ்சம் பிந்தி. காது போய்விட்டதே என்று பேரன் பேத்திகள் வருத்தப்படுகிறார்கள். எனக்குப் பெரிய வருத்தமில்லை. இப்படி ஒரு நாள் வருமென்று தெரியாமலே, அதற்கு வேண்டிய வித்தையை ஒருவரிடம் இளம் வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டேன்.

ஆகையால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். போடிப் பக்கம் ஏதாவது திருவிழாவில் மேளம் உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு கிழவன் மேடையோரமாக வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் விலை உயர்ந்த பாக்ஸ்மேல் காலை வைத்தால், கத்தாதீர்கள். கத்தினாலும் கேட்காது. தள்ளிவிடாதீர்கள். நான் மேளம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.